வலிக்காத கடி

காட்டோரத்து ஓடைக்கரையில் ஒரு தாய் எருமையும் அதன் கன்றும் மேய்ந்து வந்தன. வெயிலானாலும் மழையானாலும் அந்த எருமை பொறுத்துக்கொள்ளும். வலியை மட்டும் பொறுக்காது. ஒரு முள் குத்திவிட்டால் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாது.

தினமும் காலையில் ஒரு மைனா வந்து அதன் முதுகில் உட்காரும்.

"அக்கா, காதை இப்படித் திருப்பு. அட, தலையை ஆட்டாதே! நான் உண்ணி பிடிக்க வந்தேனா, ஊஞ்சலாட வந்தேனா?" என்று அதட்டிக்கொண்டே உண்ணிகளைக் கொத்தி எடுக்கும்.

ஒரு நாள், காது மடிப்பில் ஒளிந்து தப்பிய கிழட்டு உண்ணி ஒன்று மெல்லப் பேசியது.

"தாயே, நான் உன்னைக் கடித்தது தெரிந்ததா?"

"நீ கடித்தாயா? எப்போது?"

"பார்த்தாயா! அந்த மைனா கொத்தினால்?"

"உயிரே போகிறது."

"அப்படியானால் உனக்கு வேண்டியவர் யார்? நீயே சொல்."

எருமை அசைபோட்டபடி யோசித்தது. உண்ணி சொல்வது சரியென்றே பட்டது. மறுநாள் மைனா வந்ததும் வாலைச் சுழற்றி விரட்டியது.

"அக்கா, உனக்குக் கொழுப்பு ஏறிவிட்டதா?"

"ஏறினால் ஏறட்டும். நீ இறங்கு!"

உண்ணிகளுக்குக் கொண்டாட்டம். குடித்துக் கொழுத்துத் தரையில் உதிர்ந்து முட்டையிட்டன. குஞ்சுகள் புல்நுனியில் ஏறிக் காத்திருந்து கன்றின்மேல் தொற்றின. கழுத்தடி, வயிறு, வாலடி எங்கும் உண்ணி. கன்று இளைத்தது, ஈறு வெளுத்தது. ஒரு நாள் காலையில் அதனால் எழுந்து பால் குடிக்கக்கூட முடியவில்லை.

எருமை பதறியது. "என்னை எவ்வளவு வேண்டுமானாலும் குடியுங்கள். என் பிள்ளையை விட்டுவிடுங்கள்!"

"ஏன் கலங்குகிறாய், தாயே?" என்றது கிழட்டு உண்ணி. "அவனுக்கும்தான் வலிக்கவே இல்லையே!"

எருமை ஒரு கணமும் நிற்கவில்லை. மைனா இருந்த மரத்தடிக்கு ஓடி அண்ணாந்து கதறியது.

"வருகிறேன் அக்கா. ஆனால் கொத்தினால் வலிக்குமே?"

"வலிக்கட்டும். பிள்ளையை முதலில் பார். நான் பக்கத்தில் படுத்து நக்கிக்கொடுக்கிறேன்."

மைனா தன் கூட்டத்தையே அழைத்து வந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் கன்று கத்தியது. அதற்குக் கத்தவாவது தெம்பிருக்கிறதே என்று எருமை ஆறுதல் கொண்டது.

சில நாள் கழித்துக் கன்று தானாக எழுந்தது. தள்ளாடி வந்து, இத்தனை நாள் பசிக்கும் சேர்த்துத் தாயின் மடியை ஓங்கி முட்டியது.

நன்றாக வலித்தது. எருமை அசையாமல் நின்று பால் கொடுத்தது.

நீதி: வலிக்கவில்லை என்பதற்காக எதையும் நல்லதென்று நம்பிவிடாதே.