பிந்தி வந்த முட்டை

முன்னொரு மழைக்காலத்தில், கம்பங்கொல்லை ஓரத்துப் பெரிய கிணற்றின்மேல் சாய்ந்தபடி ஒரு பனைமரம் நின்றது. அதன் ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக் குடியிருந்தன.

அந்த மரத்துக் குருவிகளில் வரகி என்று ஒருத்தி. அவளுக்கு அதுதான் முதல் பருவம். மஞ்சக்கொண்டை என்ற ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி முடித்து, அதிலே தலைகீழாகத் தொங்கி, சிறகை விசிறி ஆடிக்காட்டினான்.

"உள்ள வந்து பாரு. ஓலை கிழிஞ்சாலும் இந்தக் கூடு கிழியாது" என்றான்.

அவள் போய் அலகால் நாரை இழுத்துப் பார்த்தாள். உறுதியாகத்தான் இருந்தது. அவனையும் பிடித்திருந்தது. கூடு முழுசாயிற்று, அவள் குடிபுகுந்தாள். கொஞ்ச நாளிலேயே அவன் பக்கத்துப் பனைக்குப் போய் இன்னொரு பாதிக் கூட்டைக் கட்டத் தொடங்கிவிட்டான்.

மரத்தில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "ஆணுன்னா ஆடுவான், போவான். நீயும் ஆட்டத்தைப் பார்த்தேல்ல, அதோட விடு" என்றார்கள். அங்கே பாடுகிற பாட்டெல்லாம் ஆட்டத்தைப் பற்றியே இருக்கும். முட்டையைப் பற்றிப் பாட்டு கிடையாது.

அந்த வருஷம் மழை பாதியிலேயே ஓடிப்போனது. கம்பு அவசர அவசரமாக அறுபட்டது. கொல்லையில் கம்பந்தட்டையின் அடிக்கட்டை மட்டும் மிஞ்சிய நேரத்தில் வரகியின் கூட்டில் ஒரு முட்டை வந்து விழுந்தது. வெள்ளை வெளேரென்று, ஒற்றை முட்டை.

அறுப்புக்குப் பிறகு வரும் முட்டைக்கு அந்த மரத்தில் ஒரு சட்டம் இருந்தது. முன்பொரு பஞ்சத்தில், பொரித்த குஞ்சுகள் தீனியில்லாமல் துடித்துச் செத்திருந்தன. அதைப் பார்த்து மனம் பொறுக்காமல், "பிந்தி வந்த முட்டையைத் தள்ளிவிடலாம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். தள்ளியவள் மனசு நோகக் கூடாதே என்று, "அதைப் பற்றி மரத்தில் யாரும் பேச்செடுக்கக் கூடாது" என்றும் சேர்த்தார்கள். இரக்கத்தில்தான் எல்லாம் தொடங்கியது. ஆனால் வருஷம் போகப் போக, தள்ளிவிடலாம் என்றது தள்ளிவிட வேண்டியதுதானே என்று ஆகிப்போனது.

பக்கத்துக் கூட்டுச் சாமை வந்து எட்டிப் பார்த்தாள். அவள் வரகிக்கு இரண்டு பருவம் மூத்தவள்.

"ஏண்டி வரகி, இன்னுமா யோசனை?"

"அக்கா... கஷ்டமா இருக்குமா?"

"ஒண்ணும் இல்ல. வாசல் வரைக்கும் உருட்டிக்கிட்டு வா. மிச்சத்தைக் கெணறு பாத்துக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கே."

சொல்லிவிட்டுச் சாமை பறந்தாள். நேராகக் கிணற்றுக்கு மேலே பறந்தால் கொல்லை கிட்டத்தில். அவளோ வரப்போடு சுற்றிக்கொண்டு போனாள். போன பருவத்திலிருந்தே அவள் அப்படித்தான் போகிறாள் என்பது வரகிக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் பனைக்குப் பக்கத்துக் கரண்டுக் கம்பியில் ஒரு கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்தான். கறுப்பு உடம்பு, பிளந்த வால், எதையும் மென்று முழுங்காத வாய். பனையைப் பார்த்து உரக்கச் சொன்னான்:

"பனைமரத்துச் சனங்களே, முட்டைக்குள்ள இருக்கறதும் குருவிதான்! இன்னும் எறக்கை மொளைக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். எறக்கை இல்லாததை மேலேருந்து தள்ளறது என்ன நியாயம்?"

மரமே கலகலத்துப் போனது. சிலர் கூட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். ஒருத்தி அழுதாள். மரத்துக்குத் தலைவரான பேரலகர் உச்சி ஓலைக்குத் தாவி வந்தார்.

"நிறுத்துடா! ஒன் வால் ரெண்டாப் பொளந்திருக்குன்னு எங்க மரத்தையும் பொளக்க வந்தியா?"

"நான் சொன்னது பொய்யா, பெரியவரே?"

"பொய்யோ நெசமோ, கேக்கறவங்களுக்கு வலிக்குது. இனிமே இந்த மரத்து நெழல்ல நீ வாயைத் தொறக்கக் கூடாது. கம்பிக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

கரிச்சான் பதில் சொல்வதற்குள் வரகி கூட்டைவிட்டுக் கிளம்பி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபத்தில் கம்பியை ஒரு கொத்து கொத்தினாள்.

"நல்லாப் பேசினீங்கண்ணே. கம்பியில ஒக்காந்து பேசறது சுலபம். நாளைக்கு இது பொரிச்சு வாயைத் தொறக்கும். அறுத்த கொல்லையில நான் எதைப் பொறுக்கியாந்து போடுவேன்? அதோட அப்பன் அங்க ஆடிக்கிட்டிருக்கான். ஒத்தையாளா நான் அடைகாப்பேனா, எரை தேடுவேனா? வெளிய போனா காக்கா கொத்திக்கிட்டுப் போகும். உள்ளயே இருந்தா நான் பட்டினி. அதுக்கு ஏதாச்சும் சொல்லுங்க பாப்போம்!"

கரிச்சான் அறுத்த கொல்லையை ஒருமுறை பார்த்தான்.

"நீ கேக்கறது நியாயம் தாயி. அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்ல" என்றான் மெதுவாக. எழுந்து பறந்து போய்விட்டான்.

வரகி கூட்டுக்குத் திரும்பினாள். ஆக, அவ்வளவுதான். மரம் தள்ளச் சொல்கிறது. வேண்டாம் என்றவனும் போய்விட்டான். முட்டையை மார்பால் மெல்ல முட்டி நகர்த்தினாள். முட்டை கிடக்கும் குழிவிலிருந்து வாசல் மேடு வரைக்கும் ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கியது. அவள் சூட்டில் கிடந்து அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. மேட்டைத் தாண்டினால் கீழே தொங்கும் வாசல் குழல். குழலுக்குக் கீழே தண்ணீர்.

அந்த நேரத்தில் கூடு திடீரென்று ஆடியது. வெளியே யாரோ மோதித் தடுமாறும் சத்தம். கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

கரிச்சான்தான். தொங்கும் கூட்டில் தொற்றி நிற்கத் தெரியாமல், ஒரு கால் நழுவ, சிறகை அடித்து அடித்துத் திணறிக்கொண்டிருந்தான். அவன் வாயில் ஒரு பச்சை வெட்டுக்கிளி. அதை அவள் அலகில் திணித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், கீழே விழுந்து, எழும்பிப் பறந்தான்.

வரகி வெட்டுக்கிளியைப் பார்த்தாள். முட்டையைப் பார்த்தாள். பிறகு முட்டையைத் திரும்பவும் குழிவுக்குள் இறக்கி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தபடியே தின்றாள். அவ்வளவு ருசியை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை.

கரிச்சான் மறுபடி வந்தான். மத்தியானமும் வந்தான். பேரலகருக்குப் பொறுக்கவில்லை.

"நெழல்ல வரக்கூடாதுன்னு சொன்னேனே!"

கூட்டுக்குள்ளிருந்து வரகி தலையை நீட்டினாள். "வாயைத் தொறந்து பேசக்கூடாதுன்னுதானே சொன்னீங்க, பெரியவரே? வாயில வெட்டுக்கிளியை வச்சுக்கிட்டு அவரு எங்க பேசறது?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்த முட்டைப் பேச்சில் மரம் சிரித்தது அதுதான் முதல் தடவை. பேரலகர் சிரிக்கவில்லை, ஆனால் விரட்டவும் இல்லை.

இரண்டொரு நாளில் காக்கை ஒன்று முட்டையைத் தேடி வந்து கூட்டைப் பிடித்து இழுத்தது. கரிச்சான் கம்பியிலிருந்து கல்லடி போலப் பாய்ந்தான். காக்கை அவனைப்போல் மூன்று பங்கு. அவன் அதன் முதுகில் கொத்தி, தலையில் கொத்தி, கொல்லை தாண்டும் வரை விடாமல் துரத்திவிட்டு, வால் இறகு ஒன்று குறைந்து திரும்பி வந்தான். பார்த்துக்கொண்டிருந்த பெண் குருவிகளுக்கு மனசு என்னவோ செய்தது. ஒருத்தி களத்துமேட்டில் சிந்திக் கிடந்த கம்பைப் பொறுக்கி வந்தாள். இன்னொருத்தி, "நீ கொஞ்சம் பறந்துட்டு வா, நான் ஒக்காந்திருக்கேன்" என்றாள். வரகி வெளியே வந்து சிறகை முழுக்க விரித்தாள். வெயில் பட்டது. அழுகை வந்தது, துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது.

காக்கை இழுத்ததில் கூட்டின் குழல் கிழிந்திருந்தது. அதைக் கேள்விப்பட்டு மஞ்சக்கொண்டை வந்தான். வாசலுக்கு வராமல் ஓலைத் தண்டிலேயே நின்றான்.

"கூடு கிழிஞ்சிருக்குன்னு சொன்னாங்க."

"கிழிஞ்சிருக்கு."

"தைக்கட்டா?"

வரகி கிழிந்த நாரை உள்ளே இழுத்துவிட்டாள். அவன் அங்கேயே நின்றான்.

"தை" என்றாள் கடைசியில். "தச்ச கையோட ஓடிடாத. வெட்டுக்கிளி பிடிக்க அண்ணன்கிட்ட கத்துக்க."

அவன் தைத்தான். மற்ற ஆண்கள் கிண்டல் பண்ணினார்கள். ஒரு முழு நாள் தலை கவிழ்ந்தே இருந்தான். மறுநாள் கிண்டலுக்குப் பழகிக்கொண்டு வெட்டுக்கிளி பிடிக்கப் போனான்.

ஒரு காலையில் முட்டை கீறியது. மயிரில்லாத, கண் திறக்காத, விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு உயிர் வெளியே வந்து, தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, வாயை மட்டும் திறந்தது. பெண் குஞ்சு. வரகி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'உன்னை மேடு வரைக்கும் உருட்டினவள் நான். திரும்பக் குழிவுக்குள்ளே இறக்க வச்சவங்களுக்கு ஒரு கும்பிடு' என்று நினைத்துக்கொண்டாள்.

குஞ்சுக்கு இறகு முளைத்தபோது பேரலகர் கூட்டம் கூட்டினார். சட்டத்தை மீறியவளிடம் காரணம் கேட்க வேண்டுமே.

"அந்தச் சட்டத்தை நாங்க வெளையாட்டுக்குப் போடல வரகி" என்றார். "வாயைத் தொறந்தபடியே செத்துக் கெடந்த குஞ்சுங்களை இந்தக் கண்ணால பார்த்தேன். அதுல எங்கூட்டுக் குஞ்சும் உண்டு."

"நீங்க பட்டதை நான் படல, பெரியவரே. அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்குக் கொறைஞ்சது தீனியா, கொண்டாந்து போடற அலகா?"

பேரலகர் ஓர் ஓலை கீழே இறங்கி வந்தார். "ரெண்டுந்தான்" என்றார். "தீனி இல்ல. இருந்த கொஞ்சத்தையும் அவனவன் தன் கூட்டுக்குத்தான் கொண்டு போனான்."

"இந்த வருஷமும் தீனி கொறைச்சல்தான். என் குஞ்சு பொழைச்சிருக்கு. இத்தனை பேரு கொண்டாந்து போட்டீங்க, அதான். உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். மத்தபடி சண்டை போட வரல."

"அப்போ கரிச்சான் பேசினது சரின்னு ஆயிடுச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல், கொஞ்சம் குத்தலாக.

"அவரு பேச்சைக் கேட்டு எனக்குக் கோபந்தான் வந்துச்சு" என்றாள் வரகி. "பேச்சு குஞ்சுக்கு எரை ஆகாது. ஆனா அன்னிக்கு அவரு வாயைத் தொறக்காம இருந்திருந்தா, எனக்குக் கோபப்படக்கூட ஆள் இல்ல. யாருமே பேசாத மரத்துல யாருகிட்ட போயி ஒதவி கேப்பேன்?"

பேரலகர் கம்பியைப் பார்த்தார். "நீ என்னடா சொல்றே? பேசு, பரவாயில்ல."

கரிச்சான் பனைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "முட்டையைத் தள்ளக் கூடாதுன்னு எழுதுங்க. ஆனா அதை மட்டும் எழுதினா அரைச் சட்டம். அவளைத் தனியா விடக் கூடாதுன்னும் எழுதுங்க. ஆடினவனும் குஞ்சு பறக்கற வரைக்கும் மரத்தை விட்டுப் போகக் கூடாது. இதை நான் கம்பியில ஒக்காந்து கத்துக்கல, இந்தப் பொண்ணுகிட்டத்தான் கத்துக்கிட்டேன்."

அப்படியே சட்டம் மாறியது. அதில் முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். முணுமுணுக்கவும் இனி மரத்தில் தடையில்லை.

கூட்டம் கலைந்தபின் வரகியின் கூட்டு வாசலில் நிழலாடியது. சாமை. இத்தனை நாளும் அவள் மட்டும்தான் வந்திருக்கவில்லை. அவள் அலகில் ஒரு சின்ன வெட்டுக்கிளி. அதை வைத்துவிட்டு நின்றாள்.

"வரகி, இந்தச் சட்டம் போன வருஷமே இருந்திருந்தா..." என்றாள். கிணற்றுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "நான் ஊட்டலாமா? எனக்கு அந்த உரிமை இருக்கான்னு தெரியல."

வரகி நகர்ந்து இடம் விட்டாள். சாமை வெட்டுக்கிளியை எடுத்து, தயங்கித் தயங்கி உள்ளே கழுத்தை நீட்டினாள்.

வந்தது யாரென்று குஞ்சு பார்க்கவில்லை. தன் அம்மாவுக்குத் திறக்கிற அதே வாயை அவளுக்கும் அகலத் திறந்தது.