அக்கரை முரசு

முன்னொரு காலத்தில் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு ராஜாவும் அந்தக் கரையில் ஒரு ராஜாவும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஆற்று மணலில் இரண்டு நாட்டுக்கும் பொதுவாகச் சந்தை கூடும். அக்கரையிலிருந்து பரிசல்களில் வெல்லமும் கோரைப்பாயும் வரும். இக்கரையிலிருந்து மிளகும் மண்பானையும் போகும். பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூட அதே பரிசல்களில்தான். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குக் கிளம்புங்கள் என்று சொல்ல இரண்டு கரையிலும் முரசு தட்டுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு கோழிக்குஞ்சுகூடப் பயந்ததில்லை. அடடா, அது ஒரு காலம்!

அப்புறம் உலகத்து ராஜாக்களுக்கெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. வடக்கே ஒருவர் மதில்மேல் மதிலாக எழுப்பிக் கஜானாவைத் துடைத்து வைத்தார். தெற்கே ஒருவர் யானையாக வாங்கிக் குவித்துவிட்டு, அவற்றுக்குத் தீனி போட ஜனங்களின் நெல்லைப் பிடுங்கினார். ஏன் என்று கேட்டால், பக்கத்து நாட்டை நினைத்தால் பயமாயிருக்கிறது என்றார்கள். பக்கத்து நாட்டில் போய்க் கேட்டாலும் அதே பதில்தான்.

நம் ராஜாவுக்கு அந்தக் காய்ச்சல் காது வழியாக வந்தது. ஒருநாள் உப்பரிகையில் நின்றவர், "அக்கரை முரசு நம் முரசைவிட ஓங்கி ஒலிக்கிறதே!" என்றார். தளபதி வில்லவராயருக்கு வாயெல்லாம் பல். "போருக்கு அடையாளம், மன்னா! நாமும் பெரிய முரசு செய்ய வேண்டும்" என்றார்.

செய்தார்கள். அக்கரையில் அதைவிடப் பெரிதாகச் செய்தார்கள். முரசுக்குப் போர்த்துவது காளைத் தோல். ஒரு தோல் போதாமல் தோலோடு தோல் தைத்தார்கள். அடிக்க அடிக்கக் கிழிந்தது. மறுபடியும் காளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாட்டிலும் கொட்டில் காலியானது, ஏர் படுத்தது. போதாக்குறைக்கு முரசு வரி என்று ஒன்று வந்தது. அக்கரையான் ஒற்றன் என்று சொல்லிச் சந்தையையும் மூடினார்கள். மணலில் நெருஞ்சி மண்டியது. அத்தனை பஞ்சத்திலும் தோல் வாங்கும் அதிகாரம் பெற்றிருந்த வில்லவராயர் மட்டும் கொழுகொழுவென்று இருந்தார்.

ஒருநாள் சபையில் ராஜா பொறுமை இழந்தார். "இனி அக்கரை முரசு என் காதில் விழக்கூடாது. என்ன வழி?"

"ஒரே வழிதான், மன்னா. படையோடு ஆற்றைக் கடந்து அந்த முரசைக் கிழிப்பது. பரிசல்கள் தயார்" என்றார் வில்லவராயர். பிறகு சபையின் விகடகவி பூவணனை ஓரக்கண்ணால் பார்த்தார். தாம் பேசினால் கொட்டாவி விடுகிற ராஜா, பூவணன் பேசினால் சிரிக்கிறாரே என்று அவருக்குப் பல நாள் வயிற்றெரிச்சல். "அல்லது நம் பூவணனார் தம் வாய்ச்சாலத்தால் முரசை அடக்கட்டும். பௌர்ணமிக்குள் முடியாவிட்டால், முதல் பரிசலில் அவரே முன்னால் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

பூவணன் கைகூப்பினான். "அக்கரை முரசு தங்கள் காதில் விழக்கூடாது. கட்டளை அவ்வளவுதானே, மன்னா?"

"அவ்வளவுதான்."

சிரித்த முகத்தோடு வெளியே வந்தவன் வாசலில் நின்று யோசித்தான். படை கிளம்பினால் தன் தலை மட்டுமா போகும்? நேரே முரசறைகிற சடையன் வீட்டுக்குப் போனான்.

விஷயத்தைக் கேட்டதும் சடையன் பதறினான். "அடிக்கிறத நிறுத்தச் சொல்லிடாதீங்க சாமி. தளபதி எந்தோல உரிச்சு அந்த முரசுக்கே போத்திருவாரு."

"நிறுத்தவே வேண்டாம்ப்பா. அக்கரையில அடிக்கிறது யாரு?"

"எம் மச்சான் வீரணந்தான். இவளுக்கு அண்ணன்."

அடுப்படியிலிருந்து சடையன் மனைவி நாச்சி எட்டிப் பார்த்தாள். "பேருக்குத்தான் அண்ணன். மொகத்தப் பாத்து எத்தனையோ வருசமாச்சு. சாயங்காலம் முரசுச் சத்தம் கேட்டாத்தான், அது உசுரோட இருக்குன்னே எனக்குத் தெரியுது."

எந்தச் சத்தத்தைக் கேட்டு ராஜா நடுங்குகிறாரோ, அதைக் கேட்டுத்தான் இவள் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

"வீரணன் கோலத் தூக்கினா இங்கேருந்து தெரியுமா?" என்று கேட்டான் பூவணன்.

"எதிர் மேட்டுலதானே நிக்கிறான். நல்லாத் தெரியும்" என்றான் சடையன்.

நாச்சி கட்டிக் கொடுத்த அதிரசத்தோடு பூவணன் ஒரு மீன்காரன் பரிசலில் அக்கரை போய், வீரணனிடம் பேசிவிட்டு வந்தான்.

மறுநாள் மாலை ராஜா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரே முரசுதான் கேட்டது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பௌர்ணமியும் வந்தது.

வில்லவராயர் ஓடிவந்தார். "மன்னா, இது மோசடி! இருவரும் ஒன்றாகக் கோலைத் தூக்கி ஒன்றாக அடிக்கிறார்கள். அதனால் ஒரே முரசு போலக் கேட்கிறது. இன்று நம் முரசை நிறுத்திப் பாருங்கள், குட்டு வெளிப்படும்!"

"தளபதி சொல்வது நியாயம், மன்னா. நிறுத்தியே பார்ப்போம்" என்றான் பூவணன்.

பொழுது சாய்ந்தது. கரையில் பரிசல்களோடு படை காத்திருந்தது. சடையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தார்கள்.

ஒரு சத்தமும் இல்லை.

ஆற்றுத் தண்ணீர் பாறையில் மோதிப் போவது கேட்டது. அக்கரையில் யாரோ ஒருத்தி கன்றுக்குட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ராஜா அசையாமல் நின்றார். "சின்ன வயதில் அப்பாவோடு சந்தைக்குப் போய்த் திரும்பும்போது கேட்டது இது. இதெல்லாம் இன்னும் இருக்கிறதா?" என்றார்.

"இருக்கிறது, மன்னா. முரசுச் சத்தத்தில் கேட்காமல் போயிற்று" என்றான் பூவணன். "தளபதி சொன்னது உண்மைதான். ஒருவன் கோலைத் தூக்கினால்தான் மற்றவன் அடிப்பது என்று மச்சான்கள் இருவரும் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். இன்று சடையன் தூக்கவில்லை, வீரணன் அடிக்கவில்லை. முரசு காதில் விழக்கூடாது என்றீர்கள். விழவில்லை."

"அக்கரை ராஜா இதற்கு எப்படிச் சம்மதித்தார்?"

"அவரிடம் யார் கேட்டார்கள்? சில நாளாக அவருக்கும் நம் முரசு கேட்கவில்லை. நம்மை அடக்கிவிட்டதாக நினைத்து விருந்து வைத்துக் கொண்டாடுகிறாராம்!"

ராஜா முதலில் முறைத்தார். பிறகு மீசை துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்படியானால் ஜெயித்தது அவரா, நானா?"

"இரண்டு நாட்டுக் காளைகளும் ஜெயித்தன, மன்னா."

ராஜா தம் முத்து மாலையைக் கழற்றிப் பூவணன் கழுத்தில் போட்டார். பிடித்து வைத்திருந்த காளைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கட்டும் வேலை வில்லவராயருக்குக் கிடைத்தது.

"படைக்குச் செய்த பரிசல்களை என்ன செய்வது, மன்னா?" என்று கேட்டார் அவர், கையில் மூக்கணாங்கயிற்றோடு.

"அவையும் பூவணனுக்கே!" என்றார் ராஜா.

அந்த வெள்ளிக்கிழமை அத்தனை பரிசல்களும் மிளகு மூட்டையும் பானையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போயின. ஜெயித்த மிதப்பில் இருந்த அக்கரை ராஜாவும் தடுக்கவில்லை. வெல்லமும் பாயும் சம்பந்திமாரும் ஏறிக்கொண்டு இக்கரை வந்தார்கள். நாச்சி அண்ணனைப் பார்த்து அழுத அழுகையை ஊரே வேடிக்கை பார்த்தது. சாயங்காலம் மச்சான்கள் இருவரும் முரசை ஓங்கி ஓங்கித்தான் அடித்தார்கள். சந்தை இரைச்சலில் ஒருவர் காதிலும் அது விழவில்லை.