எடுத்த கை

ஐம்பத்தெட்டு வயதில் சீடராகப் போனால் ஒரு சங்கடம் உண்டு. குரு நம்மைவிட இளையவராக இருந்துவிடுவார். நாச்சிமுத்துவுக்கு அப்படித்தான் ஆனது. அவருக்கு மசாஜ் கற்றுக்கொடுத்த குழந்தைவேலுவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இவர் அவரை ‘மாஸ்டர்’ என்பார். அவர் இவரை ‘சார்’ என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் யாரிடம் படித்தது என்றே விளங்காது.

நாச்சிமுத்து முன்பு ஒரு பம்புசெட் கம்பெனியில் விற்பனை மேலாளர். மனைவி பூங்கொடி இறந்த பிறகு வேலையை உதறிவிட்டு இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். உடுமலையில் ஓர் அறை எடுத்து போர்டும் மாட்டினார். மேனேஜராக இருந்த மனுஷன் கண்டவன் காலைப் பிடிப்பதா என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் தொழில்தான் ஓடவில்லை. வந்தவர்கள் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். இப்படியே இருந்தால் தை பிறந்ததும் அறையைக் காலி செய்துவிட்டு பெங்களூரில் மகள் வீட்டோடு போய்விட வேண்டியதுதான். ரோஷத்தை விட்டு மாஸ்டருக்கு ஃபோன் செய்தார். அடுத்த ஞாயிறு காலையிலேயே மாஸ்டர் பஸ் ஏறி வந்துவிட்டார்.

“என் கையில என்னமோ குறை இருக்குதுங்க மாஸ்டர். மறுக்கா யாருமே வர்றதில்லீங்க.”

“இன்னைக்கு யாராச்சும் வர்றாங்களா?”

“ஒரு லாரி டிரைவர் வர்றேன்னிருக்கார். இடுப்பு வலிங்க. வர நேரமிருக்கு.”

மாஸ்டர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மசாஜ் மேஜையில் குப்புறப் படுத்தார்.

“எனக்குப் பிடிச்சு விடுங்க சார்.”

நாச்சிமுத்து எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் ஆரம்பித்து முதுகு, இடுப்பு, கெண்டைக்கால் என்று இறங்கினார். நல்ல கை. அழுத்தம் எங்கே வேண்டும், எங்கே கூடாது என்று தெரிந்த கை. கடைசியில் பாதத்துக்கு வந்து, அதைப் பற்றிக்கொண்டு நின்றார்.

“முடிஞ்சுதுங்களா சார்?”

“முடிஞ்சுதுங்க மாஸ்டர்.”

கை அங்கேயே இருந்தது.

“அப்புறம் எதுக்குப் பிடிச்சுட்டே இருக்கறீங்க?”

மாஸ்டர் காலை உருவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

“வந்தவங்க எல்லாரும் இப்படிக் காலைப் புடுங்கிட்டுத்தான் போறாங்களா?”

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

“எடுக்கணும்னுதானுங்க நினைக்கிறேன். கை வர மாட்டேங்குது.”

சொல்லிவிட்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“ஆஸ்பத்திரியில அவளுக்குக் கால் வீங்கிப் போச்சுங்க. பிடிச்சுவிட்டா நல்லாருக்குன்னா. கல்யாணம் ஆகி அத்தனை வருசத்துல நான் அவ காலைத் தொட்டது அப்பத்தானுங்க. அன்னைக்கும் பிடிச்சுட்டுத்தான் இருந்தேன். ஃபோன் வந்துச்சு. மோட்டார் தண்ணி எடுக்கலைன்னு ஒரு டீலர். வராண்டாவுக்குப் போய்ப் பேசிட்டு வந்தேன். அதுக்குள்ள அவ போயிட்டாளுங்க மாஸ்டர்.”

மாஸ்டர் மேஜையிலிருந்து இறங்கினார்.

“அவ கண்ணை மூடிட்டுத்தானுங்க இருந்தா. நான் கையை எடுத்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?”

“நீங்க படுங்க சார்.”

“நானுங்களா?”

“படுங்க. நான் எப்ப கையை எடுக்கறேன்னு மட்டும் சொல்லுங்க.”

நாச்சிமுத்து குப்புறப் படுத்துக்கொண்டார். தொழிலுக்கு வந்த பிறகு அந்த மேஜையில் அவர் படுத்ததே இல்லை. மாஸ்டரின் உள்ளங்கை அவர் பாதத்தில் வந்து படிந்தது. அழுத்தவில்லை, தேய்க்கவில்லை. சும்மா இருந்தது. அதன் சூடு கணுக்கால் வரைக்கும் ஏறியது. எத்தனையோ நாளாகத் தூங்காதவர்போல அவருக்குக் கண் சொருகியது.

அறையின் மூலையில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. டிரைவர் உள்ளே வந்துவிட்டாரோ, யார் குழாயைத் திறந்தது என்று நினைத்தார். பாதத்தில் கை அப்படியே இருந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தார்.

குழாயடியில் நின்று மாஸ்டர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து எழுந்து உட்கார்ந்தார். தன் பாதத்தைப் பார்த்தார். அங்கே யார் கையும் இல்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே, பூங்கொடி போன பிறகு முதல் தடவையாக, மனசு கொஞ்சம் லேசானது.

“எனக்குத் தெரியவேயில்லைங்க மாஸ்டர். எப்ப எடுத்தீங்க?”

“அப்பவே எடுத்துட்டேன்.”

“அப்போ அவளுக்கும் தெரிஞ்சிருக்காதுங்க. இல்லீங்களா?”

மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“நீங்க எப்படி எடுத்தீங்க சார்?”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். சட்டைப் பையில் அலறிய ஃபோன் ஞாபகம் வந்தது. அது நின்றுவிடப் போகிறதே என்று தான் பதறியதும் ஞாபகம் வந்தது.

“வெடுக்குன்னு எடுத்தேனுங்க.”

வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். மாஸ்டர் வேறு பதில் ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறவர்போல நின்றார். பிறகு துண்டை மடித்து நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார்.

“தெரிஞ்சிருக்கும் சார். ஆள் வந்துட்டார், போய்க் கூட்டிட்டு வாங்க. அவர்கிட்ட மெதுவா எடுங்க.”