தோணியில் முதலாளிக்கு ஓர் இடம்

தூத்துக்குடியில் தல்மெய்தா முதலாளி என்று ஒருவர். தோணிகள் ஓடுவது கடலில் இல்லை, தன் தயவில்தான் என்று அவருக்கு நினைப்பு. புது பங்களாவில் வைக்க மரத்தில் ஒரு குட்டிப் பாய்த்தோணி செய்யச் சொன்னார். அவரிடம் பாய் தைக்கும் அமலோற்பவம் பலகை இழைத்து, பாய்மரம் நட்டு, கயிறு கட்டி, பாயும் ஏற்றிவிட்டாள்.

அப்போது முதலாளி தன் பித்தளைச் சிலையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதையும் ஏத்துட்டி. விருந்து அன்னைக்கு அண்டாத் தண்ணியில விடுவேன். கவுந்துச்சுன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

சிலையோ அம்மிக்குழவி கனம். மேல்தட்டில் எங்கே வைத்தாலும் தோணி தலைகீழானது.

"எங்கதான் வைக்கட்டும் முதலாளி?"

"நான் இல்லேன்னா தோணி கவுந்துரும்னு ஊருக்கே தெரியணும். அப்படி ஒரு இடத்துல வை!"

விருந்தன்று ஃபேன் காற்றில் பாய் புடைத்தது. தோணி சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள். முதலாளி தோணியின் மேல்தட்டில் தன்னைத் தேடினார். காணோம்.

"நான் எங்கட்டி?"

அமலோற்பவம் மேல்பலகையைத் தூக்கிக் காட்டினாள். தோணி கவிழாமலிருக்கக் கல்லும் மணலும் போடுவார்களே, அந்த அடிவயிற்றில் பித்தளை முதலாளி மல்லாந்து கிடந்தார்.

"வெளிய எடுட்டி!"

எடுத்தாள். தோணி படக்கென்று கவிழ்ந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்துக் கூடமே இருமியது.

"நீங்க சொன்னது நெசந்தான் முதலாளி" என்றாள்.

முதலாளி பல்லைக் கடித்தார். "உள்ளயே வச்சுத் தொலை."

"மல்லாக்கவா முதலாளி, குப்புறவா?"