கூரை மேல் நின்ற பிள்ளை

ஒரு பள்ளிக்கூடத்தில் சிவப்புப் பென்சில் ஒன்று இருந்தது. ஏழாம் வகுப்பு ஜெசிந்தா டீச்சருடையது. அது அடைப்புக்குறி போட்டால் போட்டதுதான். யானை வந்து முட்டினாலும் உள்ளே இருக்கிற எழுத்து வெளியே வராது.

“கடைசிக் கேள்விக்குப் பதில், ‘வெள்ளம்’ல ஆரம்பிச்சு ‘ஏறினார்’ வரைக்கும் அடைப்புப் போட்டுக்கோங்க” என்பார் டீச்சர். பென்சில் வளைக்கும். பிள்ளைகளும் தங்கள் புத்தகத்தில் வளைப்பார்கள். வளைத்ததை மனப்பாடம் செய்வார்கள். பாடம் முடிந்துவிடும்.

அப்படித்தான் அந்த வருஷமும் படகுக்காரர் பாடத்துக்கு நாலு அடைப்புப் போட்டுவிட்டு, பென்சில் பக்கத்தின் மேலேயே சாய்ந்தது. உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

“பென்சிலண்ணே, நான் படகுக்காரன். அடைப்பைக் கொஞ்சம் திறங்க.”

“எதுக்குய்யா?”

“கூரை மேல ஒரு பிள்ளை நிக்குது. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. யாராச்சும் வாசிச்சாத்தான் நான் துடுப்புப் போட முடியும். ‘ஏறினார்’னதும் நிறுத்திடுறாங்க. பதினோரு வருஷமா படகுல ஏறி உக்காந்தே இருக்கேன்.”

“அந்தப் பிள்ளைக்கு எத்தனை மார்க்?”

“மார்க் இல்லண்ணே.”

“அப்ப நிக்கட்டும்” என்றது பென்சில்.

மறுநாள் வகுப்பில் பூவரசி எழுந்து நாலு பதிலையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். “...வெள்ளம் சூழ்ந்த கூரை மேல் ஒரு சிறுமி நிற்பதைக் கண்டு, மாடசாமி படகில் ஏறினார்.”

“நல்லது, உக்காரு.”

அவள் உட்காரவில்லை. “டீச்சர், அந்தப் பிள்ளையக் காப்பாத்திட்டாரா?”

டீச்சர் தன் புத்தகத்தில் இருந்த அடைப்புகளைப் பார்த்தார்.

“தெரியலம்மா” என்றார். “எனக்கு முன்னால இருந்த டீச்சர் புத்தகத்தைப் பார்த்துத்தான் நானும் அடைப்புப் போட்டேன்.”

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“நீங்களும் வைங்க. வாசிப்போம். ஒவ்வொரு வரியிலயும் நின்னு, அடுத்து என்ன நடக்கும்னு சொல்லுங்க.”

படகு நகர்ந்தது.

“பயந்து திரும்பிடுவார் டீச்சர்.”

“போடா! திரும்பமாட்டார்.”

“படகு ஓட்டையாம் டீச்சர். ஒரு ஆளைத்தான் தாங்குமாம்.”

“அய்யய்யோ, அப்ப...”

கடைசி வரியைப் பூவரசி வாசித்தாள். மாடசாமி பிள்ளையைப் படகில் உட்கார்த்திக் கரைப்பக்கம் தள்ளிவிட்டு, கூரை மேல் ஏறி நின்றுகொண்டார். பாடம் அவ்வளவுதான். மணி அடித்தது, யாரும் எழவில்லை.

அத்தனை வருஷம் அந்தப் பக்கத்தில் ஓடியும், பென்சில் அந்த வரியை அன்றைக்குத்தான் கேட்டது.

“படகுக்காரரே,” என்றது மெல்ல, “இப்ப நீங்க நிக்கிறீங்களே?”

“நிக்கிறேன். பிள்ளை கரை சேர்ந்துட்டாள்ல?”

அடுத்த பாடத்துக்கு டீச்சர் பென்சிலைச் சீவினார். அது கேள்விக்குறி போட்டது, கோடு போட்டது. அடைப்புக்குறிக்கு மட்டும் அதற்கப்புறம் வளையவே இல்லை.