சுவரொட்டி எழுத்துக்குக் கொம்பு முளைத்த கதை

அந்தக் காலத்தில் ஆடும் பேசும், எழுத்தும் பேசும். கேட்கத்தான் ஆளுக்குப் பொறுமை வேண்டும். அப்போதெல்லாம் எழுத்து என்றால் ஈர்க்குச்சி கணக்காக ஒல்லியாகத்தான் இருக்கும். புத்தகத்துக்குள் படுத்துக் கிடக்க அது போதும். சுவரில் ஏறி நின்றபோதுதான் வம்பு வந்தது.

மணப்பாறைச் சந்தைப் பக்கம் அஞ்சுகம் என்றொரு பெண் நாடகக் கொட்டகை போட்டிருந்தாள். 'நாடகம்' என்று தலைப்பு வைத்துச் சுவரொட்டி அடித்து, பசை காய்ச்சி, தன் கையாலேயே ஒட்டுவாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் செவத்தி என்ற ஆடு வந்து மொத்தத்தையும் மென்றுவிடும். நாடகம் நடப்பதே ஊருக்குத் தெரியாது. ராஜா வேஷக்காரர் வெறும் பாயைப் பார்த்து வசனம் பேசுவார்.

ஒருநாள் காலை அஞ்சுகம் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கும் கூட்டம் வரலைன்னா கொட்டகையைப் பிரிச்சுற வேண்டியதுதான். அவங்கவங்க ஊருக்குப் போயிருங்க." ராஜா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

பசைச் சட்டிக்குப் பக்கத்தில் கடைசிச் சுவரொட்டி சாய்ந்திருந்தது. அதிலிருந்த 'ட'வுக்கு மனசு தாங்கவில்லை. வேலியோரம் நின்ற ஆட்டிடம் கெஞ்சியது.

"செவத்தியக்கா, எங்களத் தின்னாத. நாங்க எழுத்து."

"எனக்கென்ன தெரியும் தம்பி? பாத்தா காஞ்ச புல்லு மாதிரி இருக்கீங்க. பசை வாசனை வேற ஆளத் தூக்குது."

இதுவும் நியாயம்தான். புல்லாகத் தெரிந்தால் ஆடு மேயாமல் என்ன செய்யும்? 'ட' கூட இருந்த மூவரையும் கூப்பிட்டது. நாலும் சட்டிக்குள் தலையை விட்டுப் பசையைக் குடித்தன. "போதும்பா, வயிறு வெடிச்சிரும்" என்றது 'க'. "கொட்டகையே போகப் போகுது, குடிடா" என்றது 'ட'. அடியில் அச்சகத்தின் பேராக நின்ற பொடி எழுத்துகள் மட்டும், பசியில்லை என்று தூங்கிவிட்டன.

சட்டி காலியானது. கோடெல்லாம் தூணாகப் பருத்தது. தலையில் அப்பிய பசை கொம்பாகவும், வாயோரம் வழிந்தது முறுக்கு மீசையாகவும், காலில் சொட்டியது குளம்பாகவும் காய்ந்து இறுகியது. அஞ்சுகம் வந்து பார்த்தாள். "என் ராஜாவவிட இவனுங்க ஜோரா இருக்கானுங்களே" என்று சிரித்துக்கொண்டே சுவரில் வைத்து அழுத்தினாள். வயிறு நிறையப் பசைதானே, அப்படியே ஒட்டிக்கொண்டது.

செவத்தி வந்தது. கொம்பைப் பார்த்தது, மீசையைப் பார்த்தது. கிடாய்க் கூட்டம் என்று நினைத்து வெட்கத்தோடு தலையைக் குனிந்தது.

"வாங்க மாமா. எந்த ஊரு?"

"இந்த ஊருதான். சாயங்காலம் நாடகம், வந்துரு" என்றது 'ட', குரலைக் கனமாக்கிக்கொண்டு.

"வர்றேன் மாமா. ஆனா இப்பப் பசிக்குதே."

'ட' அடியில் தூங்கிய பொடி எழுத்துகளை ஒரு பார்வை பார்த்தது. "கீழ் ஓரத்த மட்டும் கடிச்சுக்க."

சந்தைக்கு வந்தவர்கள் மாட்டைப் பிடித்தபடியே சந்தையின் அந்தக் கோடியில் நின்றே தலைப்பைப் படித்தார்கள். சாயங்காலம் வந்த கூட்டம் கொட்டகை கொள்ளவில்லை. ராஜா சந்தோஷத்தில் சேனாபதி வசனத்தையும் சேர்த்துப் பேசிவிட்டார். அஞ்சுகம் திரைக்குப் பின்னால் நின்று சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அன்று முதல்தான் சுவரொட்டித் தலைப்பு எழுத்து தொந்தியும் கொம்பும் மீசையுமாக நிற்கிறது. ஆடும் கீழ் ஓரத்தில்தான் வாய் வைக்கிறது. அச்சடித்தவர் பேர்தான், பாவம், ஏதோ ஓர் ஆட்டின் வயிற்றில் கிடக்கிறது.