பல்லியின் வாலும் வாசல்மேல் ஓட்டையும்

அந்தக் காலத்தில் கல்லிடுக்குப் பல்லிகூட மனிதரிடம் நின்று பேசிவிட்டுத்தான் போகும். கிரேக்க நாட்டின் ஆர்கோஸ் மலைச்சரிவில் அப்போது அரசர்களுக்கு வட்டக் கல்லறை கட்டுவார்கள். கல்லை வளையம் வளையமாக அடுக்கி, ஒவ்வொரு வளையத்தையும் சற்று உள்ளே தள்ளி வைத்தால், உச்சி தானாகக் கூடிவிடும். பார்க்கக் கவிழ்த்த பானைதான். அதற்கு ஒரு பாழாய்ப்போன வழக்கமும் இருந்தது. உச்சிக்கல் ஏறும்போது, கட்டியவன், வாசலின் மேல் குறுக்கே கிடக்கும் உத்தரக்கல்லுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். இரண்டு பேர் அப்படி நின்றார்கள். இரண்டு முறையும் உத்தரக்கல் முறிந்து, அத்தனை கல்லும் தலையில் இறங்கியது.

மூன்றாவது ஆள் தெர்சான். உச்சிக்கல் ஏறவேண்டிய காலையில், அவன் மனைவி எரித்தா உத்தரக்கல்லில் மெல்லிய கீறலைக் கண்டாள்.

"இது என்ன?"

"கல்லில் இருக்கும் ரேகை."

"நேற்று இவ்வளவு நீளம் இல்லையே."

உத்தரக்கல்லுக்கு மேலே இடுக்கில் குடியிருந்த பல்லி தலையை நீட்டியது. "அவள் சொல்வது சரி. நேற்று நான் புரண்டு படுக்க இடமிருந்தது. இன்று வால் மாட்டிக்கொண்டது. மேலுள்ள பாரமெல்லாம் இந்த ஒரு கல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது."

"அதற்காகத்தானே பெரிய கல்லாகப் பார்த்து வைத்தேன்?" என்றான் தெர்சான்.

அப்போது கல்லுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பல்லி உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, தன் வாலையே பிய்த்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. இடுக்கில் வால் மட்டும் துடித்தது. தன் உடம்பைத் தானே பிய்த்த உயிரை அதுவரை எவரும் கண்டதில்லை.

"வலிக்கவில்லையா?" என்றாள் எரித்தா.

"வலிக்கிறது. வாலோடு சாவதற்கு இது மேல்."

தெர்சான் கடப்பாரையோடு சாரத்தில் ஏறினான். உத்தரக்கல்லின் மேலிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தள்ளினான்.

"தாங்குகிற கல்லைப் பிடுங்குகிறான், பைத்தியக்காரன்!" என்று ஆட்கள் பதறி ஓடினார்கள்.

"இது தாங்குகிற கல் இல்லை, அழுத்துகிற கல்" என்றான் அவன்.

கீழே அகன்று மேலே குறுகிய முக்கோண ஓட்டை விழுந்தது. கட்டடம் விழவில்லை. மேலிருந்த கற்கள் இருபுறமும் சாய்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. கல்லைக் குறைத்தால் கட்டடம் நிற்குமா என்று ஊரே கூடி வந்து பார்த்தது.

உச்சிக்கல்லை ஏற்றத் தொடங்கினார்கள். தெர்சான் வாசலில் நின்றான். எரித்தாவும் வந்து நின்றாள். அது வழக்கத்தில் இல்லை.

"தள்ளிப் போ."

"மாட்டேன்."

மேலே கல் அமர்ந்தது. இருவர் தலையிலும் கொஞ்சம் தூசி கொட்டியது, அவ்வளவுதான்.

அன்று முதல்தான் பல்லி, உயிருக்கு ஆபத்தென்றால் வாலை விட்டுவிட்டு ஓடுகிறது. அன்று முதல்தான் வட்டக் கல்லறை கட்டியவர்கள், வாசலுக்கு மேல் முக்கோணமாக ஓட்டை விட்டு, வேலை முடிந்த அன்று வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.